ஏணியடியில் ஒரு கை

ஏற்காட்டுக்கு வருகிற எல்லோருக்கும் பனிமூட்டம் வேண்டும். கேமராவுக்கு மட்டும் அது ஆகாது. இந்தச் சின்ன விஷயத்தை ஊருக்குப் புரியவைப்பதிலேயே என் ஆயுளில் பாதி போய்விட்டது, இன்ஸ்பெக்டர் அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள வரும் ஜோடிகள், "அண்ணா, பின்னாடி மேகம் எறங்கி வரணும், ஆனா எங்க மூஞ்சி பளிச்சுன்னு தெரியணும்" என்பார்கள். மேகம் என்ன, நான் கூட்டிவந்த வேலையாளா? இருந்தும் முகம் கோணாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அடிவாரத்தில்தான் என் ஸ்டூடியோ. மாதேஸ்வரன் என்று கேட்டால் மலைக்கு மேலேயும் கீழேயும் யாரும் வழி சொல்வார்கள். இப்போது கேட்காமலே சொல்கிறார்களாம்.

நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீர்கள். சொல்லிவிடுகிறேன், மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. இது அடிப்படையில் ஒரு கேமரா கோளாறு. சித்தன் செத்துப்போனது அதன் கடைசியில் வருகிறது. பேப்பர்க்காரர்கள் அந்தக் கடைசியைத் தூக்கி முன்னால் போட்டுவிட்டார்கள். அதனால்தான் நான் ஏதோ அரக்கன் மாதிரித் தெரிகிறேன். வரிசையாகக் கேட்டால் நீங்களே தலையாட்டுவீர்கள்.

கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் அந்த எஸ்டேட். காப்பியும் மிளகும். பழைய பங்களாவை இப்போது தங்கும் விடுதியாக மாற்றிவிட்டார்கள். முதலாளியின் மருமகள் சசிரேகா மேடம்தான் எல்லாம் பார்க்கிறார். பட்டணத்து ஆட்கள் விடுமுறைக்கு வந்து, குளிருக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, தரையிலிருந்து எட்டுகிற மிளகைப் பறித்துக் கூடையில் போடுவார்கள். அதற்கு அனுபவம் என்று பெயர். அதே காரியத்தைச் சித்தன் மரத்து உச்சியில் செய்தால் அதற்கு வேலை என்று பெயர். இந்த அனுபவத்தை விளம்பரப்படுத்த மேடத்துக்குப் படங்கள் தேவைப்பட்டன. என்னைக் கூப்பிட்டார்.

"மாதேஸ், எனக்கு பேங்க் காலண்டர் வேணாம்" என்றார். என் பெயரில் பாதியை அவர் எப்போதும் சாப்பிட்டுவிடுவார். "நிஜமான ஆள், நிஜமான வேலை. மரத்து மேல நிக்கறவனைப் பார்த்தா நமக்கு வயித்துல ஒரு பயம் வரணும். அந்த உயிர் வேணும்."

வயிற்றில் பயம். அவர் வாயால் சொன்னது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

தை மாதம், பொங்கல் முடிந்து மிளகுப் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம். முந்தின நாள் சாயங்காலமே மேலே போய் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் தங்கினேன். கேமராப் பை இரவெல்லாம் வராந்தாவில் கிடந்து ஈரமாகிவிட்டது. காலையில் அதைக் கொண்டுபோய் பங்களா சமையலறையில் அடுப்போரம் வைத்தேன். இந்த மலையில் அந்தப் பருவத்தில் எல்லாமே அடுப்போரம்தான் குடியிருக்கும். உப்பு ஜாடி, தீப்பெட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காலுறை, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரின் சால்வை. அந்த வரிசையில் என் பையும் உட்கார்ந்தது. பக்கத்தில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு டம்ளர் காப்பி குடித்தேன். உங்கள் மேசையில் இருக்கும் அறிக்கையில் இந்த அடுப்பைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். அதற்கு வருகிறேன்.

எஸ்டேட் ரைட்டர் கந்தசாமி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. "இவங்க ரெண்டு பேரும் இன்னைக்கு உங்களோடதாங்க சார். சித்தனுக்கு மரம் ஏர்றது நமக்குப் படி ஏர்ற மாதிரிங்க. பொன்னாயி ஏணி புடிக்கும். இதுங்க ரெண்டும் சோடி பிரிஞ்சு வேலை செய்யாதுங்க" என்றார்.

அந்த ஏணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் சமவெளிக்காரர் என்று நினைக்கிறேன், இரண்டு கால் ஏணியைத்தான் பார்த்திருப்பீர்கள். இது ஒற்றை மூங்கில். கணுவுக்குக் கணு கட்டை செருகியிருக்கும். சில்வர் ஓக் மரத்தின்மேல் மிளகுக் கொடி உச்சிவரை போர்த்திக்கொண்டிருக்க, மூங்கிலை அதில் சாய்த்து, மேலே போனதும் அதன் நுனியை மரத்தோடு ஒரு கயிற்றால் கட்டிவிடுவார்கள். கீழே ஒருவர் அடியைக் காலால் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் பிடித்திருப்பார். பிடிக்காவிட்டால் ஒற்றை மூங்கில் உருளும். கயிறும் இல்லை, கையும் இல்லை என்றால் அது ஏணியே இல்லை.

மேலே இருப்பவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. இலை மறைக்கும், இடுப்பில் கட்டிய கோணி மறைக்கும், பனி இறங்கினால் கேட்கவே வேண்டாம். அதனால் இவர்களுக்குள் ஒரு பழக்கம். கீழே இருப்பவர் மூங்கிலை உள்ளங்கையால் தட்டுவார். அந்த அதிர்வு மேலே நிற்பவரின் பாதத்துக்குப் போகும். தட்டினால், நான் பிடித்திருக்கிறேன், நீ இறங்கலாம் என்று அர்த்தம். தட்டாமல் யாரும் இறங்குவதில்லை. ஆள் மேலே இருக்கும்போது பிடித்தவர் கையை எடுப்பதும் இல்லை. பொன்னாயிக்கு மூக்கு அரித்தபோது தோளில் தேய்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். அது எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

எதிரே ஒரு மேடு. அதன்மேல் ஒரு பாறை. அங்கே கேமரா முக்காலியை நிறுத்தினால் சித்தனின் முகம் எனக்கு நேர் மட்டத்தில் வரும். நல்ல இடம். முதல் படத்தை எடுத்தேன். சாம்பல் பூசினாற்போல வந்தது. அடுத்ததும் அப்படியே. லென்ஸ் குவியம் கிடைக்காமல் முன்னும் பின்னும் போய் முனகிக்கொண்டே இருந்தது. பிறகு திரையில் கார்டைப் படிக்க முடியவில்லை என்று ஒரு வாசகம் வந்தது.

கோளாறு பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அவசரப்படக் கூடாது. ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றினால் சரியாகிறதோ அதில்தான் கோளாறு. குளிரில் பேட்டரி படுத்துவிடும், மாற்றினேன். கார்டைக் கழற்றி அதன் பித்தளைப் பல்லைத் துடைத்துப் போட்டேன், வாசகம் போனது, சாம்பல் போகவில்லை. லென்ஸைக் கழற்றி வேறு லென்ஸ் போட்டேன். அதிலும் அதே சாம்பல். பையில் இருந்த இன்னொன்றைப் போட்டேன். அதிலும் அதே. அப்படியானால் லென்ஸில் கோளாறு இல்லை என்றுதானே எந்தப் புத்திசாலியும் முடிவு செய்வான்? எல்லா லென்ஸும் ஒரே நேரத்தில் கெடுமா?

இதற்கிடையில் சித்தன் மேலேயே இருந்தார். "சார், எறங்கட்டுங்களா?" என்று அவ்வப்போது கேட்டார். "இருப்பா, இதோ ஆச்சு" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொன்னாயி பாறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏனுங்க சார், நொம்ப நேரமா ஒரே கட்டையில நிக்கறாருங்க. காலு மரத்துப் போயிருமுங்க."

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. இறக்கிவிட்டேன். அவர்கள் தூக்குப்போசியைத் திறந்து களி சாப்பிட்டார்கள். நான் பங்களாவுக்குப் போய் மேடத்திடம் படங்களைக் காட்டினேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து, ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"என்ன மாதேஸ் இது, ஆவி புடிச்ச கண்ணாடி மாதிரி? உயிரே இல்லையே. அந்த ஆள் என்னமோ பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்கறான். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, பெங்களூர்ல என் ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான், நாளைக்கே வந்துருவான்."

இருபது வருஷமாகக் கேமரா பிடிக்கிறவனிடம் இப்படிச் சொன்னார். சமையல்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. கோபம் என்று எழுத வேண்டாம். அவமானம் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் சரி.

திரும்பி நடந்து வரும்போது யோசித்தேன். பேட்டரி மாற்றியாயிற்று, கார்டு துடைத்தாயிற்று, லென்ஸ் மாற்றியாயிற்று. கேமராவில் கழற்ற இனி எதுவும் இல்லை. ஆகவே கோளாறு கேமராவில் இல்லை. கேமராவுக்கு முன்னால் இருப்பதில்தான் இருக்க வேண்டும். மேடம் சொன்னது சரிதான், அவன் பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரித்தான் நிற்கிறான். அங்கேயும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான் என்று தோன்றியதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. வேலை தெரிந்தவனுக்கு வழி தெரிந்துவிட்டால் போதும்.

முதலில் கயிறு. நீல நைலான் கயிறு, பச்சைக்கு நடுவே கண்ணைக் குத்தியது. "சித்தா, அந்தக் கவுறு வேணாம்ப்பா, அசிங்கமாத் தெரியுது" என்றேன்.

சித்தன் தயங்கினார். "கவுறு இல்லாம ஏர்றதில்லைங்களே சார்." பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். "செரி, இது புடிச்சிருக்கறதால பரவால்லீங்க. சுருக்கா முடிச்சிருங்க."

ஏறினார். மூட்டம் கலைந்து வெளிறிய வெயில் கொஞ்சம் வந்திருந்தது. கார்டு மறுபடி மக்கர் பண்ணுகிறதா என்று பார்க்க ஒரு சோதனைப் படம் எடுத்தேன். அந்த நேரம் கீழே பொன்னாயி தன் புருஷனை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மூஞ்சிய உம்முன்னு வெச்சுக்கிட்டு இருக்கீங்களாம், பங்களாவுல சொல்றாங்க. நம்ம கண்ணாலத்துப் போட்டோவுலயும் இதே மூஞ்சிதான். அன்னைக்கு எங்கம்மாளப் பாத்துப் பயந்தீங்க. இன்னைக்கு ஆரப் பாத்துங்க?"

"இன்னைக்கு உன்னையப் பாத்துத்தான்" என்று மேலேயிருந்து பதில் வந்தது. இரண்டு பேரும் சிரித்த சத்தம் கேட்டது. நான் படத்தைப் பார்க்கவில்லை. கேமராவில் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா என்று மட்டும் பார்த்தேன். மினுக்கியது. கார்டு சரி.

ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கோளாறு எங்கே என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஆள் மரத்து உச்சியில் இல்லை, வீட்டுத் திண்ணையில் இருக்கிறான். கீழே அவள் பிடித்திருக்கிறாள் என்கிற தைரியம். அது இருக்கும்வரை அந்த முகத்தில் மேடம் கேட்டது வராது. அடுத்துக் கழற்ற வேண்டியது பொன்னாயி.

இறங்கிப் போய், "பொன்னாயி அக்கா, ஜீப்புல ஒரு மஞ்சத் துணி இருக்கும், லென்ஸ் துடைக்கறது. கொஞ்சம் எடுத்தாங்க" என்றேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"அவரு மேல இருக்கறப்ப நான் கைய எடுக்கறதில்லைங்க சார். அவரு எறங்கட்டுங்க, நான் ஓடிப் போய் எடுத்தாறேன்."

"வெயில் போயிருமுங்க அக்கா. நான் புடிச்சுக்கறேன்." எனக்குப் பழக்கம் தெரியும் என்று காட்ட மூங்கிலை ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஆரு தட்டறது?" என்றார் சித்தன், மேலேயிருந்து. அவருக்குக் கை வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

"போட்டோக்கார சாருங்க. நான் ஜீப்பு வரைக்கும் போய்ட்டு வாறேன்."

"செரி, போய்ட்டு வா புள்ள."

பொன்னாயி என் கையைப் பிடித்து மூங்கிலில் சரியான இடத்தில் வைத்தார். என் காலை நகர்த்தி முட்டுக்கொடுக்க வைத்தார். "அவரு எறங்கற வரைக்கும் எடுத்துறாதீங்க சாமி" என்றார். என்னைச் சாமி என்று சொல்கிற அளவுக்கு அவருக்கு வயசில்லை. கெஞ்சும்போது அப்படி வரும் போலிருக்கிறது. பிறகு சரிவு வழியாக ஓடினார்.

அதற்குப் பிறகு நடந்ததாக நான் எல்லோரிடமும் சொன்னது உங்களுக்குத் தெரியும். இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், பாரம் தாங்கவில்லை, மூங்கில் உருண்டுவிட்டது. சித்தன் சரிவில் இருந்த கல்லில் விழுந்தார். பொன்னாயி திரும்பி வரும்போது, "துணியக் காணமுங்களே சார், சீட்டுக்கு அடியில எல்லாம் பாத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் புறப்பட்டோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஜீப் சாய, பொன்னாயி அவர் தலையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்போதும் கையை எடுக்கவில்லை. அடிவாரத்தில் என் ஸ்டூடியோ பலகையைத் தாண்டும்போதே மூச்சு இல்லை. நான் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் அவர்களே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த அம்மாள் அழாமல் உட்கார்ந்திருந்தார். என் உள்ளங்கை சிராய்த்திருப்பதைப் பார்த்துவிட்டு, "உங்க கைக்கும் அடி பட்டிருச்சுங்களா சார்? பாரத்த எப்புடித் தாங்குனீங்களோ" என்றார். அது நான் பாறையிலிருந்து வேகமாக இறங்கும்போது பட்ட சிராய்ப்பு. ஆமாங்க அக்கா என்று சொன்னேன். துக்கத்தில் இருப்பவரோடு வாதம் செய்யக் கூடாது.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. ரைட்டர் நம்பினார், உங்கள் ஏட்டய்யா நம்பினார், கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீட்டுச் சனமெல்லாம் எனக்காக வருத்தப்பட்டது. யாரோ என் கைக்குப் பத்துப் போட மஞ்சள் அரைத்துக் கொடுத்தார்கள். கெடுத்தது என்னுடைய நேர்மை. நல்ல படத்தை ஒளித்து வைக்க எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்த மறுநாள் மேடத்துக்கு ஒரு படத்தை அனுப்பினேன். ஒன்றே ஒன்று. ஏணி இன்னும் நிமிர்ந்துதான் இருக்கிறது, கொஞ்சம்போல் சாய்வு. சித்தனின் ஒரு கால் கட்டையைத் தேடுகிறது. முகம் திரும்பி நேராகப் பார்க்கிறது.

மேடம் உடனே போன் செய்தார். "இது விழறதுக்கு முன்னாடி எடுத்ததா?" என்றார்.

"முன்னாடிதாங்க மேடம்." பொய் இல்லை, கொஞ்சம் முன்னாடி.

"மாதேஸ், இதுதான். அன்னைக்குக் காலையிலேருந்து நான் கேட்டது இதைத்தான்."

அன்றே விடுதியின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார். எங்கள் மலையின் மைந்தனுக்கு அஞ்சலி, துணிச்சலுக்கு மறுபெயர் சித்தன் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அறை பதிவு செய்யும் எண். சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், இதயப் படம் போட்டார்கள், ஒருவர் வார இறுதிக்கு அறை காலியா என்று கேட்டிருந்தார். படம் எடுத்தவர் பெயரை மட்டும் போடவில்லை. கேட்டிருப்பேன், துக்க வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் படத்தைக் கந்தசாமி ரைட்டர் தன் போனில் பொன்னாயிக்குக் காட்டியிருக்கிறார். புருஷனின் கடைசிப் படமாயிற்றே, பார்க்கட்டும் என்று நல்ல மனசோடுதான் காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் முகத்தைப் பார்க்கவில்லையாம். நேராக ஏணியின் அடியைப் பார்த்திருக்கிறார். பழக்கதோஷம். அப்புறம் ரைட்டரிடம் கேட்டிருக்கிறார்: "அந்தச் சாரு ஏணியப் புடிச்சிருந்தாருன்னா, இந்தப் போட்டோவ எடுத்தது ஆருங்க?"

ரைட்டர் அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். உங்களிடம் வந்தார்கள். நீங்கள் என்னிடம் வந்தீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன், இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்திருப்பவன் படம் எடுக்க முடியாது. அதனால்தான் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தத் துணி ஜீப்பில் இல்லை, என் சட்டைப் பையில் இருந்தது. பொன்னாயி வளைவில் மறைந்ததும் நான் மூங்கிலை மறுபடி தட்டினேன். "போதும்ப்பா, எறங்கு" என்றேன். சித்தன் இறங்குவதற்கு முன்னால் கோணியின் வாயைச் சுருக்கிக் கட்டுவார், அதை முதுகுப் பக்கம் தள்ளுவார், தொண்டையைச் செருமிக்கொள்வார். காலையிலிருந்து பார்த்ததில் அது எனக்கு மனப்பாடம். கையை எடுத்துவிட்டு மேட்டில் ஏறிப் பாறைக்குப் போய்ச் சேர எனக்கு அந்த நேரம் போதும். போய்ச் சேர்ந்தேன். கண்ணை வைத்தேன்.

கால் கட்டையைத் தேடியது. மூங்கில் மெல்ல ஒரு பக்கம் உருண்டது. அவர் அப்படியே நின்றார். "புடிச்சிருக்கீங்களா சார்?" என்றார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார், பஸ்ஸில் இடம் இருக்கிறதா என்று கேட்பதுபோல.

"புடிச்சிருக்கேன்ப்பா, வா" என்றேன்.

அவர் என்னை நம்பிப் பாரத்தை அந்தக் காலுக்கு மாற்றினார். மாற்றின பிறகுதான் அவருக்கு உறைத்தது, குரல் கீழேயிருந்து வரவில்லை, எதிரேயிருந்து வருகிறது என்று. திரும்பி என்னைப் பார்த்தார். நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தார். அந்த முகம்தான் அம்மா அந்தப் படம். துணிச்சல் என்று மேடம் எழுதியது தப்பு. அது துணிச்சல் இல்லை. நான் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன், கடைசிவரைக்கும் எடுத்திருக்கிறேன், கார்டில் எல்லாம் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. கால் பிசகும் என்று நினைத்தேன். பிசகியிருந்தால் எண்ணெய்க்கட்டுப் போட நானே என் வண்டியில் கூட்டிப் போயிருப்பேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த மாதிரி விஷயங்களில் நான் குறை வைக்கிறவன் இல்லை.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருவோம். கேமராவைப் பரிசோதித்த ஆள் சொல்கிறார், அடுப்போரம் வைத்ததில் பையிலிருந்த எல்லா லென்ஸுக்குள்ளும் நீராவி போய்விட்டதாம். வெளியே குளிருக்கு வந்ததும் அது உள்ளே படிந்துவிட்டதாம். கொஞ்ச நேரம் வெயிலில் சும்மா வைத்திருந்தால் போயிருக்குமாம், மத்தியானத்துக்கு மேல் அதுவாகவே போயும்விட்டதாம். அதாவது, படம் தெளிவாக வந்ததற்குக் காரணம் லென்ஸ் காய்ந்தது, ஏணியடியில் ஆள் இல்லாமல் போனது அல்ல என்கிறார். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். களத்தில் நின்று பார்த்தவன் நான்.

அதற்குச் சாட்சி என்று இப்போது நீங்கள் ஒரு படத்தை என் முன்னால் நகர்த்துகிறீர்கள். கார்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்தேன் என்று சொன்னேனே, அந்தச் சோதனைப் படம். இதை நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒரு பொட்டு மங்கல் இல்லை. சித்தன் தலையைச் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார், பல்லில் வெற்றிலைக் கறைகூடத் தெரிகிறது. கோணி பிதுங்க மிளகு. கால் கட்டைவிரல் மூங்கிலை அழுத்தியிருப்பது தெரிகிறது, அவருக்குக் கீழே சரிவு முழுக்கத் தெரிகிறது, அந்த உயரத்தைப் பார்த்தால் எனக்கே வயிற்றை என்னவோ செய்கிறது. மேடம் கேட்டது எல்லாம் இதில் இருக்கிறது. இதை எடுத்ததும் நான்தான். அப்போதே திரையைத் திருப்பிப் பார்த்திருந்தால் ஏணியைச் சாய்த்துவிட்டு மூன்று பேரும் அவரவர் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்கிறீர்கள்.

நல்ல படம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள் அம்மா, ஏணியடியில் பொன்னாயியின் கை தெரிகிறது. இதை எப்படி மேடத்திடம் கொடுப்பது?